டோக்கன் ஜமீன்தார்

வானகரத்தில் வீடு விற்க வீடு வேண்டியதில்லை. காசும் வேண்டியதில்லை. ஒரு பைக், இரண்டு சிம், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, டோக்கன் கொடுக்க ஐம்பதாயிரம் போதும். அந்த ஐம்பதாயிரமும் மச்சான் எடுத்த சீட்டுப் பணமாக இருக்கலாம், கந்து வட்டியாக இருக்கலாம்; யாரும் கேட்கப் போவதில்லை. ஒரு குடும்பம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி எழுப்பிய வீட்டை, இந்தச் சில்லறையைக் கொடுத்துத் தொண்ணூறு நாளைக்குத் தன் பையில் போட்டுக்கொள்ளலாம். அதற்குள் கூடுதல் விலைக்கு இன்னொருவர் தலையில் கட்டிவிட்டால் லாபம் இவனுக்கு. கட்ட முடியாமல் போனால் நஷ்டம் வீட்டுக்காரருக்கு.

அமெரிக்காவில் இதை ஹோல்சேலிங் என்கிறார்கள். கையில் காசில்லாமல் வீடு வாங்குவது எப்படி என்று ராபர்ட் ஆலன் என்பவர் 1980இல் ‘நத்திங் டவுன்’ என்றொரு புத்தகம் போட்டார். அதற்கு மட்டும் முழு விலையையும் கல்லாவில் கட்டிவிட்டுத்தான் எடுத்துக்கொண்டு போக வேண்டும். இப்போது அந்த ஞானம் தமிழில் ரீல்ஸாக வருகிறது. வாடகைக் காரின் பானட்டில் சாய்ந்துகொண்டு ஒரு தம்பி, “ஜீரோ இன்வெஸ்ட்மென்ட் ப்ரோ” என்கிறார். முதலீடே இல்லாமல் சம்பாதிக்கத் தெரிந்தவர் பயிற்சி வகுப்புக்கு ஏன் காசு கேட்கிறார் என்று கேட்டால் நீங்கள் நெகட்டிவ் ஆள்.

பூந்தமல்லி நெடுஞ்சாலைப் புரோக்கர்களுக்கு அமெரிக்காக்காரன் கற்றுக்கொடுக்க ஒன்றுமில்லை. ‘அக்ரிமென்ட் போட்டுக் கைமாத்தி விடுறது’ என்று டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வெகுகாலமாகச் செய்துவருவதுதான். ரீல்ஸ் வந்த பிறகு ஆள் கூடியிருக்கிறது, வெட்கம் குறைந்திருக்கிறது.

ஊரும் இதற்கென்றே அமைந்த ஊர். பைபாஸ் டோல்கேட், பெரிய ஆஸ்பத்திரி, மீன் மார்க்கெட், ரோடு நெடுக மண்டபம். 2011இல் சென்னை மாநகராட்சி விரிந்தபோது பக்கத்து மதுரவாயல் உள்ளே போனது. வானகரம் ஊராட்சியாகவே வெளியே நின்றுவிட்டது. புரோக்கருக்கு அது வரப்பிரசாதம். வாங்க வருகிறவரிடம், “இது சிட்டி சார், கோயம்பேடு பத்து நிமிஷம்.” விற்க நிற்கிறவரிடம், “பஞ்சாயத்து ஏரியாம்மா, ரேட் அவ்ளோதான் போகும்.”

இதைவிடப் பெரிய வரப்பிரசாதம் துறைமுகம்–மதுரவாயல் பறக்கும் சாலை. 2009இல் பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். 2012இல் கூவத்தின் போக்கைத் தடுக்கிறது என்று மாநில அரசு வேலையை நிறுத்தியது. தூண்கள் ஆற்றுக்குள் கம்பி நீட்டிக்கொண்டு நின்றன. 2022 மே மாதம் பிரதமர் நரேந்திர மோடி திரும்பவும் அடிக்கல் நாட்டினார். ஒரே பாலத்துக்கு இரண்டு பிரதமர், இரண்டு அடிக்கல். இடையில் போன பதிமூன்று வருஷமும் அந்தப் பாலத்தின் மேல் போய்வந்தது புரோக்கரின் நாக்கு ஒன்றுதான். விற்கிறவரிடம், “ரோடு அகலப்படுத்துறாங்கம்மா, வீட்டை எடுத்துக்குவான், இப்பவே தள்ளி விட்ருங்க.” அடுத்த நாள் வாங்குகிறவரிடம், “பாலம் வரட்டும் சார், ரேட் டபுள்.” ஒரு பாலத்தைக் காட்டி ஒருவருக்கு பயத்தையும் இன்னொருவருக்கு ஆசையையும் விற்கிற சாமர்த்தியம் அடிக்கல் நாட்டியவர்களுக்கே கிடையாது.

சொத்து யாருடையது என்ற சண்டையும் இந்த ஊருக்குப் புதிதில்லை. 2022 ஜூன் 23, ஜூலை 11 இரண்டு நாளும் அ.தி.மு.க. பொதுக்குழு கூடியது இங்குள்ள ஸ்ரீவாரு வெங்கடாசலபதி பேலஸில்தான். கட்சிக்குப் பட்டா யார் பேரில் என்று நாடே பார்த்துக்கொண்டிருந்தது. முதல் கூட்டத்தில் தயாராக வைத்திருந்த 23 தீர்மானங்களையும் பொதுக்குழு நிராகரித்தது. அந்தச் சண்டையைப் படம் பிடிக்க அத்தனை கேமரா வந்தது. அரை கிரவுண்டு வீட்டுச் சண்டைக்கு நோட்டரிகூடத் தலை நிமிர்ந்து பார்ப்பதில்லை.

அப்படி ஒரு அரை கிரவுண்டு வீட்டை எடுத்துக்கொள்வோம். 1,200 சதுர அடி, பழைய கட்டடம், ஓரத்தில் ஒரு முருங்கை. வீட்டுக்காரர் காலமாகிவிட்டார். அம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. மகளுக்குக் கல்யாணம் கூடிவந்திருக்கிறது, இல்லையென்றால் ஆஸ்பத்திரி பில், இல்லையென்றால் மகன் வாங்கிய கடன். இந்த வீட்டைப் பற்றிய தகவல் புரோக்கருக்கு எப்படிப் போகிறது என்பது தனிக் கலை. மளிகைக்கடையில் பாக்கி ஏறினால் தெரியும், கேபிள்காரருக்கு இரண்டு மாசம் நின்றால் தெரியும், சாவு வீட்டுக்கு மாலையோடு வந்து போனவர் பதினாறாம் நாள் காரியத்துக்குள் இன்னொரு தடவை எட்டிப் பார்ப்பார். “அம்மா, சார் இருந்தவரைக்கும் நான் பேசல.” இனிமேல் பேசுவார்.

அக்கம்பக்கம் எண்பது லட்சத்துக்குப் போகிறது என்று அம்மாவுக்குத் தெரியும். அதனால் முதல் பத்து நாள் அதைக் குறைக்கிற வேலை. நான்கு புரோக்கர்கள் நான்கு பார்ட்டியோடு வருவார்கள். நான்கும் ஒரே டீக்கடையிலிருந்து கிளம்பியவை என்பது அம்மாவுக்குத் தெரியாது. ஒருவர் செப்டிக் டேங்கைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். ஒருவர் தெருவை அடி வைத்து அளந்துவிட்டு, “இருபதுகூட இல்லையே” என்பார். மூன்றாமவர் மழைக்காலத்தில் கூவம் எதுவரை ஏறும் என்று விசாரிப்பார். நான்காமவர் ஒன்றும் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டுவார். அதுதான் அம்மாவைத் தூங்கவிடாது. பதினோராம் நாள் நம் வெள்ளைச் சட்டை ஒரு புரோக்கரோடு வருகிறான். “அம்மா, எழுபதுக்கு முடிச்சுத் தரேன். கேஷ் பார்ட்டி, லோன் கீன் எதுவும் இல்ல.” லோன் இல்லை என்பது சத்தியமான வார்த்தை. எந்த பேங்கும் அவனுக்குக் கொடுக்காது.

அக்ரிமென்ட் தயாராகவே இருக்கும். முத்திரைத்தாளில் டைப் அடித்து, ஊதா மையில் நோட்டரி முத்திரை குத்தி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலெல்லாம் பென்சிலால் சின்னதாக இன்டு போட்டிருக்கும். நான்காம் பக்கத்து நடுவில் ஒரு வரி. நம்மில் இரண்டாம் பார்ட்டிக்கோ அல்லது அவர் கைகாட்டும் நபர் அல்லது நபர்களுக்கோ முதல் பார்ட்டி கிரயம் எழுதிக் கொடுக்கக் கடமைப்பட்டவர் என்று எழுதியிருக்கும். மொத்த வியாபாரமும் இந்த ஒரு வரிக்குள் இருக்கிறது. வாங்குகிற எண்ணமே இல்லாதவன் வாங்குவதாக எழுதிக்கொடுத்து, வாங்கப்போகிறவர் யார் என்ற இடத்தைக் காலியாக விட்டுவிட்டுப் போகிறான். அம்மா பென்சில் குறியைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார். ஐம்பதாயிரத்தை புரோக்கர் எண்ணித் தருகிறார், “எண்ணிப் பாத்துக்கோங்கம்மா, நாளைக்கு ஒரு வார்த்தை வரக்கூடாது” என்று நாணயம் பேசிக்கொண்டே.

அன்றிலிருந்து தொண்ணூறு நாள் அந்த வீட்டில் அம்மா குடியிருக்கிறார், அவ்வளவுதான். கூடத்தையும் சமையலறையையும் போட்டோ பிடித்து, ‘டைரக்ட் ஓனர், நோ புரோக்கர்’ என்று போட்டு வாட்ஸ்அப் குரூப்புகளில் 84 லட்சத்துக்கு ஓட விடுகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் குடும்பமாக வந்து பீரோவைத் திறந்து பார்க்காத குறையாகப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அம்மாவுக்கு இடப்பட்ட உத்தரவு ஒன்றே ஒன்று: “யாராச்சும் ரேட் கேட்டா, தம்பியக் கேளுங்கன்னு சொல்லிடுங்கம்மா.” தன் வீட்டின் விலையைத் தன் வீட்டுக்குள் நின்று சொல்ல அவருக்கு அனுமதி இல்லை. வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க மட்டும் அனுமதி உண்டு.

இதற்கிடையில் புரோக்கர் யாருடைய ஆள்? அம்மாவிடம் எழுபதுக்கு இரண்டு பர்சென்ட், அதாவது 1,40,000 பேசியிருக்கிறார். வாங்குகிறவரிடம் எண்பத்து நாலுக்கு இரண்டு பர்சென்ட், 1,68,000. இது போக நடுவில் நிற்கிற பதினான்கு லட்சத்தில் ஒரு பங்கு. அம்மாவுக்கு நல்ல விலை பேசிக் கொடுக்கத்தான் அம்மா கமிஷன் கொடுக்கிறார். அம்மாவின் விலை எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு ஏறுகிறது இவருடைய பங்கு. நம்மூரில் இதற்குச் ‘சர்வீஸ்’ என்று பெயர். இந்தச் சர்வீஸில் ஒரு நேர்மையும் இருக்கிறது: இரண்டு பக்கமும் துரோகம் செய்வதற்கு இரண்டு பக்கமும் ஒரே பர்சென்ட்தான்.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ரியல் எஸ்டேட்டை ஒழுங்குபடுத்தும் ரெரா சட்டம் 2016இல் வந்தது, தமிழ்நாட்டில் 2017இலிருந்து அதற்கென்று ஆணையமே இயங்குகிறது. ஏஜென்ட் பதிவு செய்ய வேண்டும், மீறினால் நாளுக்குப் பத்தாயிரம் அபராதம் என்றெல்லாம் எழுதியிருக்கிறது. ஆனால் அந்தப் பதிவு, சட்டப்படி பதிவாகவேண்டிய புதிய பிராஜெக்டுகளில் மனையோ பிளாட்டோ விற்றுக்கொடுக்கிற ஏஜென்டுக்கு. 500 சதுர மீட்டருக்கு உட்பட்ட நிலமும் எட்டு பிளாட்டுக்கு உட்பட்ட கட்டடமும் பதிவுக்கே வராது. அம்மாவின் 1,200 சதுர அடி பழைய வீட்டுக்கு முன்னால் நிற்கிற புரோக்கரின் முகம் இந்தச் சட்டத்துக்குத் தெரியாது. ஆட்டோ ஓட்ட லைசென்ஸ் வேண்டும், தள்ளுவண்டியில் பஜ்ஜி போட்டாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிய வேண்டும். ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பைக் கைமாற்றிவிட வாய் மட்டும் போதும். இந்த ஓட்டையைச் சட்டம் எழுதியவர்கள் கவனிக்கவில்லை என்று நம்புகிற அளவுக்கு நான் நல்லவன் இல்லை. ஒவ்வொரு கட்சியிலும் வட்டம், ஒன்றியம் என்று விசிட்டிங் கார்டு அடித்திருப்பவர்களில் எத்தனை பேருக்கு இந்தத் தொழில் என்று அவரவர் தெருவிலேயே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

அக்ரிமென்டுக்கும் சட்டம் உண்டு. தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். வெள்ளைச் சட்டை பதிவு செய்ய மாட்டான். பதிந்தால் வில்லங்கத்தில் ஏறும், ஏறினால் எழுபது லட்சம் என்ற எண் வாங்குகிறவர் கண்ணில் படும். அதனால் நோட்டரியோடு நிற்கும். பதியாத காகிதம் செல்லாதே என்று அம்மாவின் தம்பி யாராவது கொஞ்சம் விவரமாகப் பேசினால், 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே சொன்னதை வக்கீல் எடுத்துக் காட்டுவார்: பதியாத ஒப்பந்தமானாலும், அதை நிறைவேற்றித் தரச் சொல்லும் வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம். தீர்ப்பு எதற்காக வந்ததோ, அது வேறு. வானகரத்தில் அது யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதைத்தான் சொல்கிறேன்.

ஏனென்றால் தொண்ணூறு நாள் முடிந்து பார்ட்டி கிடைக்காவிட்டால் அடுத்த நாடகம் அங்கேதான். சொத்து மாற்றுச் சட்டம் 1882இலேயே சொல்லிவிட்டது, வெறும் விற்பனை ஒப்பந்தத்தால் சொத்தில் எந்தப் பாத்தியமும் வராது என்று. அம்மா வேறு ஆளுக்கு விற்கப் போகலாம். போனால் வெள்ளைச் சட்டை வந்து திண்ணையில் உட்காருவான். “அம்மா, நான் கேஸ் போட்டா என்ன ஆகும் தெரியுமா?” கெடு முடிந்து மூன்று வருஷம் வரை அவன் வழக்குப் போடலாம். போட்டால் தோற்பான், பணத்தோடு தயாராக இருந்தேன் என்று கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும், அவன் பாஸ்புக்கில் மினிமம் பேலன்ஸ் பிடித்த கணக்குதான் இருக்கிறது. ஆனால் அந்தத் தோல்வியை அறிவிக்க நீதிமன்றத்துக்கு எத்தனை வருஷம் ஆகும்? வழக்கு எண் ஒன்று விழுந்தாலே போதும், எந்த பேங்க் வக்கீலும் அந்த வீட்டுக்கு லீகல் கொடுக்க மாட்டார். மகள் கல்யாணம் தை மாசம். கடைசியில் அதே புரோக்கர் நாட்டாமையாக வந்து நடுவில் உட்காருவார்: “அம்மா, பாவம் பையன் அலைஞ்சிருக்கான். அட்வான்சோட மேல ஒரு மூணு போட்டுக் குடுத்து காகிதத்த வாங்கிடுங்க.” ஐம்பதாயிரம் கொடுத்தவனுக்கு மூன்றரை லட்சம். வீட்டை விற்று ஒரு லாபம், விற்காமல் இன்னொரு லாபம்.

பார்ட்டி கிடைத்துவிட்டால் நடப்பது இன்னும் அழகு. அம்மாவுக்கு எழுபது, வாங்குகிறவர் கொடுப்பது எண்பத்து நாலு. பத்திரத்தில் எந்த எண்? எண்பத்து நாலு என்று எழுதினால், கையில் வராத பதினான்கு லட்சத்துக்கும் மூலதன ஆதாய வரிக் கணக்கு அம்மாவின் பான் எண்ணில் ஏறும். வாங்குகிறவர் பிடித்துக் கட்டுகிற ஒரு பர்சென்ட் டி.டி.எஸ்ஸும் அம்மா பெயரில் போய் நிற்கும், ‘எண்பத்து நாலு வாங்கியவர் இவர்தான்’ என்று வருமான வரித் துறைக்கு விரலை நீட்டிக்கொண்டு. எழுபது என்று எழுதினால் பதினான்கு லட்சத்துக்கு பேங்க் லோன் கிடையாது. வாங்குகிறவர் மனைவியின் நகையை அடகு வைத்து மஞ்சள் பையில் கொண்டுவந்து, சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸ் எதிரே நிற்கும் காருக்குள் கொடுப்பார். சொத்து பேரத்தில் இருபதாயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்று 2015 ஜூனிலிருந்து வருமான வரிச் சட்டத்தில் விதி இருக்கிறது. மீறினால் வாங்கிய தொகை முழுவதும் அபராதம். யாருக்கு? வாங்கியவருக்கு. கொடுத்தவனுக்கு இல்லை. அந்த ஐம்பதாயிரத்தை எண்ணி வாங்கி முந்தானையில் முடிந்த அம்மாதான் குற்றவாளி!

பதிவு நாளன்று அரசாங்கம் தன் பங்கை எண்ணிக் கொள்கிறது. முத்திரைத் தீர்வை ஏழு, பதிவுக் கட்டணம் இரண்டு, ஆக ஒன்பது பர்சென்ட். 2023 ஏப்ரலிலிருந்து இதுதான் கணக்கு. அம்மாவுக்குப் போட்டோ, கைரேகை, ஆதார். வாங்குகிறவருக்குப் போட்டோ, கைரேகை, ஆதார். மூலப்பத்திரத்தில் இன்ஷியல் மாறியிருந்தால் அரை நாள் விசாரணை. இத்தனை கெடுபிடிக்கும் நடுவில், இந்த வியாபாரத்தில் மற்ற எல்லாரையும்விட அதிகமாகச் சம்பாதித்தவன் பெயர் எந்தப் பத்தியிலும் இல்லை. இல்லை, ஒரே ஒரு இடத்தில் உண்டு. கடைசிப் பக்கத்தில் இரண்டு சாட்சிகள் வேண்டுமே. “நான் போட்டுடறேன் சார்” என்று முதல் ஆளாகப் பேனாவை எடுக்கிறான். அம்மாவை எத்தனை வருஷமாகத் தெரியும் என்று கேட்டால், “நம்ம சித்தி மாதிரி சார்” என்பான்.

இதை அமெரிக்காவிலேயே பொறுக்க முடியவில்லை. இலினாய் மாநிலத்தில் 2019இல் சட்டத்தைத் திருத்தினார்கள்: பன்னிரண்டு மாசத்துக்குள் ஒன்றுக்கு மேல் இப்படி ஒப்பந்தத்தைக் கைமாற்றுகிறவன் ஏஜென்ட் லைசென்ஸ் எடுத்தாக வேண்டும். ஓக்லஹோமாவில் 2021இல் தனிச் சட்டமே போட்டார்கள். இந்த ஆட்களை வேட்டைக்காரர்கள் என்று சட்டத்தின் தலைப்பிலேயே எழுதி வைத்தார்கள். நாம் அங்கிருந்து பயிற்சி வகுப்பை மட்டும் இறக்குமதி செய்துகொண்டோம்.

காசில்லாத இளைஞன் முன்னேறக் கூடாதா என்று சிலர் உருகுகிறார்கள். முன்னேறட்டும். வாங்குகிறவரைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்தி, இரண்டு பக்கமும் ஒரே விலையைச் சொல்லி, செய்த வேலைக்குக் கமிஷன் வாங்கட்டும். அதில் அலைச்சல் உண்டு, பெட்ரோல் செலவு உண்டு, கூலி நியாயம். அம்மாவிடம் ஒரு விலை, வாங்குகிறவரிடம் ஒரு விலை, நடுவில் கையெழுத்துப் போட்ட காகிதம் என்றால் அது தொழில் இல்லை. பணம் இல்லாதவன் பணத்தை மட்டும்தான் கொண்டுவரவில்லை என்று நினைக்காதீர்கள், பொறுப்பையும் கொண்டுவரவில்லை.

கையெழுத்துப் போடப் போகிற அம்மாக்களுக்குச் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். அந்தக் ‘கைகாட்டும் நபர்’ வரியை அடிக்கச் சொல்லுங்கள். அட்வான்ஸ் பேங்க் வழியாக வரட்டும். அக்ரிமென்டைப் பதியச் சொல்லுங்கள், கெடு முடிந்தால் ஒப்பந்தம் ரத்து என்பதையும், அட்வான்ஸ் என்ன ஆகும் என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். “அப்படியெல்லாம் எழுதினா பார்ட்டி வராதும்மா” என்று புரோக்கர் முகத்தைச் சுளிப்பார். சுளிக்கிறவரிடம், எந்த பார்ட்டி வராது என்று பேரோடு சொல்லச் சொல்லுங்கள்.

பதிவுத் துறைக்கும் ஒரு விண்ணப்பம். பெரிய சீர்திருத்தம் எதுவும் கேட்கவில்லை. கேமரா முன்னால் அம்மாவை நிமிர்ந்து உட்காரச் சொல்கிறீர்கள், கட்டை விரலைத் துடைத்து வைக்கச் சொல்கிறீர்கள். பின்னால் வெள்ளைச் சட்டையில் சிரித்துக்கொண்டு நிற்கிற சாட்சியையும் அதே நாற்காலியில் உட்கார வைத்து, அதே கேமராவைப் பார்க்கச் சொல்லி, ஒரே கேள்வி கேளுங்கள்: “தம்பி, இதுல உனக்கு எவ்வளவு?” பதிலைப் பத்திரத்திலேயே ஏற்றுங்கள், ஒன்பது பர்சென்ட்டை அதற்கும் போட்டு வசூல் பண்ணுங்கள்.

அடுத்த மாசமே சாட்சிக் கையெழுத்துப் போட ஆள் கிடைக்காமல் ஆபீஸ் திண்டாடும்.